தேயிலை மலையும் டிரெட்நாட் கப்பலும்

பெரும்போர்க்கப்பல் என்னும் ஆயுதத்துக்கும், கடலை எட்டிக்கூடப் பார்க்க முடியாத தோட்டங்களுக்கும் இடையே இரண்டு தொடர்புகள் உண்டு. ஒன்று பிறப்பால் வந்தது, மற்றது காற்றால் வந்தது. 1906இல் நீரில் இறங்கி, அதுவரை உலகிலிருந்த போர்க்கப்பல்களையெல்லாம் ஒரே நாளில் பழசாக்கிவிட்ட 'டிரெட்நாட்'டை வற்புறுத்திக் கட்டுவித்த பிரித்தானியக் கடற்படைத் தளபதி ஜோன் ஃபிஷர், 1841 ஜனவரி 25 அன்று இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் இறம்பொடையில், கோப்பித் தோட்டம் போட்டிருந்த ஒரு படை அதிகாரியின் மகனாகப் பிறந்தவர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, தோட்டங்களில் கோப்பி பறித்த காலம் அது. குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட ஃபிஷர் பதின்மூன்று வயதில் கடற்படையில் சேர்ந்தார் என்பதால் மலைநாடு அவரை உருவாக்கியது என்று சொல்வது மிகையாகும். எனினும் கோப்பியில் போட்ட பணம் கரைந்துபோன ஒரு குடும்பத்தின் பிள்ளை, பிற்காலத்தில் அரசின் பணத்தைக் கப்பல்களில் கொட்ட வைத்தார் என்பது கவனிக்கத் தக்கது.

1904இல் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஃபிஷர், ஒரே அளவுள்ள பெரும் பீரங்கிகளை மட்டும் முதன்மை ஆயுதமாகக் கொண்டதும், நீராவிச் சுழலியால் இயங்குவதுமான ஒரு கப்பலை விரும்பினார். நீராவிச் சுழலி என்பது, உந்துதண்டு மேலும் கீழும் போய்வரும் பழைய இயந்திரத்துக்கு மாறாக, நீராவி நேரே தகடுகளின்மேல் பாய்ந்து அச்சைச் சுழற்றும் பொறியாகும். 527 அடி நீளமும் சுமார் 18,000 தொன் எடையும் கொண்ட அக்கப்பல், 12 அங்குல வாயுடைய பத்துப் பீரங்கிகளைச் சுமக்கும்படி திட்டமிடப்பட்டது. போர்ட்ஸ்மத் அரச கட்டுந்தளத்தில் 1905 ஒக்டோபர் 2 அன்று அதன் ஏரா இடப்பட்டது. ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டை. அதிலிருந்து இருபுறமும் வளைந்தெழும் விலாச் சட்டங்களுக்கு வங்கு என்று பெயர். பாய்மரக் கப்பல் கட்டிய தமிழ்த் தச்சர்களின் இச்சொற்கள் மரத்துக்கென்று பிறந்தவை என்றாலும், இரும்புக்கும் குறையின்றிப் பொருந்துகின்றன.

பெரும்போர்க்கப்பல் ஒன்றை நீரில் இறக்கும் நிலைக்குக் கொண்டுவர ஓராண்டுக்கு மேல் பிடிக்கும் என்றிருந்த நாளில், டிரெட்நாட் நான்கே மாதங்களில் அந்நிலையை எட்டியதற்குக் காரணம் மந்திரம் அன்று; எஃகுத் தகடுகள் இயன்றவரை ஒரே அளவுகளில் வெட்டப்பட்டு, ஏரா இடுவதற்கு முன்பே அடுக்கி வைக்கப்பட்டிருந்தமையும், வேறு இரு கப்பல்களுக்கென வார்க்கப்பட்ட பீரங்கிகள் இதற்குத் திருப்பிவிடப்பட்டமையும் அதன் பின்னணியில் இருந்தன. ஆயினும் தகட்டோடு தகட்டைப் பிணைக்கும் வேலைக்குக் குறுக்கு வழி கிடையாது. பற்றவைப்பு அக்காலக் கட்டுந்தளத்துக்கு வராத தொழில். ஆகவே துளையிட்ட இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சிவக்கக் காய்ந்த தறையாணியைச் செருகி, அது ஆறுவதற்குள் அதன் வாலை அடித்து மழுக்க வேண்டும். இதனை ஒரு குழு செய்தது: உலைப் பையன் ஆணியைக் காய்ச்சிக் குறட்டால் எடுத்துக் கொடுப்பான், இன்னொருவன் அதைத் துளையில் செருகுவான், தகட்டின் உட்புறம் ஒருவர் கனத்த சம்மட்டியை ஆணித் தலையில் அழுத்திப் பிடித்திருப்பார், வெளியே இருவர், ஒருவர் வலக்கைப் பழக்கமும் மற்றவர் இடக்கைப் பழக்கமும் உடையவராக, மாறி மாறி அடிப்பர். ஆறும் ஆணி சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும் என்பதுதான் இத்தொழிலின் சூட்சுமம். குழுவில் ஒருவர் வராவிட்டால் ஏனையோருக்கும் அன்றைய வேலை நின்றது. கட்டுந்தளத்தில் முதுமை வரை உழைத்தவர்களுள் பலர் செவிடாயினர். இதனை விழாக் குறிப்புகள் எழுதுவதில்லை.

கப்பலை இறக்குவது கட்டுவதைக் காட்டிலும் அஞ்சத்தக்க வேலை. கட்டப்படும் காலமெல்லாம் ஏராவின் கீழ் நின்று எடையைத் தாங்கும் கட்டைகளிலிருந்து, ஆயிரக்கணக்கான தொன் எடையை, நீரை நோக்கிச் சரியும் இரு மரப்பாதைகளின் மேல் அமர்ந்த தொட்டில் போன்ற சட்டத்துக்கு மாற்ற வேண்டும். நிலையான பாதைக்கும் நகரும் பாதைக்கும் இடையே மாட்டுக் கொழுப்பும் மென்சோப்பும் பூசப்படும். குறித்த நாளில், வரிசையாக நிற்கும் தொழிலாளர் ஒரே தாளத்தில் ஆப்புகளை அடிக்க அடிக்கக் கப்பல் மயிரிழை மயிரிழையாக உயர்ந்து தொட்டிலில் உட்காரும். பின் அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு, கடைசியாக ஓரிரு முட்டுகளும் ஒரு கயிறும் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். கப்பல் பின்புறமாகவே நீரில் இறங்கும். பின்பகுதி மிதக்கத் தொடங்கியும் முன்பகுதி பாதையிலேயே இருக்கும் அந்தச் சில நொடிகளில், எடையில் கணிசமான பங்கு முகப்பின் கீழுள்ள சிறிய இடத்தில் அழுந்துவதால், கணக்கில் பிழை இருந்தால் அது அங்கேதான் தெரியவரும். மிதந்த பின்னும் ஓடும் கப்பலை நிறுத்தக் கனத்த சங்கிலிக் குவியல்கள் அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும். 1898 ஜூன் 21 அன்று லண்டன் பிளாக்வாலில் 'அல்பியன்' இறங்கியபோது கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எழுப்பிய அலை, பார்வையாளர் நின்ற தற்காலிகப் பாலத்தை அடித்துச் சென்று முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

1906 பெப்ரவரி 10 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் டிரெட்நாட்டை இறக்கினார். அவுஸ்திரேலிய வைன் போத்தல் முதல் வீச்சில் உடையாமல் திரும்பி வந்தது என்பதும், கயிற்றை வெட்ட அவர் பயன்படுத்திய கொட்டாப்புளி, நெல்சனின் 'விக்டரி' கப்பலின் மரத்தால் செய்யப்பட்டது என்பதும் ஏடுகளில் உள்ளன. மலைநாட்டு நோர்வூட் வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஆயுத பூசையன்று ரோலருக்கும் உலர்த்திக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுத் தேங்காய் உடைப்பதைக் கண்டவர்களுக்கு, இயந்திரத்துக்கு முன் நிற்கும் மனிதனின் அச்சம் எங்கும் ஒன்றே என்பது விளங்கும். தேங்காய்க்கு மட்டும் உடையாமல் திரும்பும் வழக்கம் இல்லை.

இரண்டாவது தொடர்பைக் காண நோர்வூட்டுக்கு வர வேண்டும். ஹட்டனிலிருந்து வரும் பாதை மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்குமாகப் பிரியும் இவ்வூரைச் சுற்றிய தோட்டங்களில், தேயிலைத் தொழிற்சாலையை எவரும் ஸ்டோர் என்றே அழைப்பர். மலையிலிருந்து நிறுத்து வந்த கொழுந்து, கம்பி வலையடித்த நீண்ட தொட்டிகளில் பரப்பப்பட்டு, அடியிலிருந்து விசிறி ஊதும் காற்றில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடுகிறது. வாட்டம் சரியா என்று பார்ப்பவர் ஒரு பிடியை அள்ளிக் கசக்கி விரல்களைத் திறக்கிறார்; உருண்டை உடனே சிதறினால் இன்னும் பதம் வரவில்லை, மெல்ல அவிழ்ந்தால் ரோலருக்கு அனுப்பலாம். ரோலரில் நசுங்கி, புளித்துச் செம்பு நிறம் ஏறிய தூள், கடைசியாக உலர்த்திக்குள் ஊர்ந்து செல்லும் தட்டுகளில் ஏறுகிறது. அங்கே விறகடுப்பின் சூட்டைச் சுமந்த காற்று சுமார் இருபது நிமிடத்தில் அதன் ஈரத்தை மூன்று வீதம் அளவுக்கு இறக்கிவிடுகிறது. காற்று குறைந்தால் தேயிலை அவிந்துபோகும்; சூடு மிஞ்சினால் கருகும். உலர்த்தியின் அருகே பேசுபவர் வாயை மற்றவர் காதருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இந்தக் காற்றைத்தான் சாமுவேல் கிளிலாண்ட் டேவிட்சன் என்ற அயர்லாந்து இளைஞர் தேடினார். 1864இல் இந்தியாவின் கச்சார் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த அவர், கையால் உருட்டிக் கரியடுப்பில் வறுக்கும் முறையைக் கண்டு, உலர்த்தும் இயந்திரத்தை வடிவமைத்து, 1881இல் பெல்பாஸ்டில் தொழிற்சாலை தொடங்கினார். சகாராவிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கி வீசும் வெப்பக் காற்றின் பெயரால் அவ்வியந்திரம் 'சிரோக்கோ' எனப்பட்டது. உலர்த்திக்கு மேலும் காற்றுத் தேவைப்பட்டபோது, நீண்ட சில இதழ்களுக்குப் பதிலாக, உருளையைச் சுற்றி முன்நோக்கி வளைந்த குட்டை இதழ்கள் பலவற்றைப் பதித்த விசிறியை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினார். குறைந்த இடத்தில் மிகுந்த காற்றை அள்ளித் தந்த அவ்விசிறி சுரங்கங்களுக்கும், பின் கப்பல்களுக்கும் சென்றது. இடம் என்பதே விலைமதிப்புள்ள போர்க்கப்பலில், கொதிகலன் அறையை மூடி உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி நெருப்பை உக்கிரமாக எரியச் செய்யும் முறைக்கு அது மிகவும் ஏற்றதாயிற்று. பிரித்தானியர் மட்டுமன்றி ஜேர்மனியரும் அதனை வாங்கினர். 1919 ஜூன் 21 அன்று ஸ்காப்பா ஃபுளோவில் தம் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்ட ஜேர்மன் கப்பல்களில் சிரோக்கோ விசிறிகள் இருந்தன என்பது பெல்பாஸ்ட்காரர் சொல்லும் பெருமை.

தேயிலை இயந்திரமும் கப்பலும் ஒரே பட்டறையில் சந்தித்தது இலங்கையிலும் நடந்ததே. கண்டியில் 1854இல் கோப்பி இயந்திரம் செய்யத் தொடங்கிய வோக்கர் நிறுவனம், பின்னர் தேயிலை ரோலர்களையும் செய்து, கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலிலும் இறங்கியது. இன்று அத்துறைமுகத்தில் கப்பல் கட்டும் கொழும்பு டொக்யார்ட் 1974இல் தொடங்கப்பட்டது. உலர்துறையில் கட்டப்படும் கப்பலை இறக்கக் கொழுப்பும் ஆப்பும் தேவையில்லை. வாயிலைத் திறந்து நீரை உள்ளே விட்டால் கப்பல் தானே மிதக்கிறது.

போர்க்கப்பலின் மூடிய கொதிகலன் அறையில் விசிறி திடீரென நின்றால், உலையின் சுவாலை கதவு வழியே திரும்பி வந்து நிலக்கரி போடுபவர்களைச் சுடும். எனவே விசிறியின் ஒலி மாறுவதை அவர்கள் காதாலேயே அறிந்தனர். நோர்வூட் ஸ்டோரில் வேலை முடியும்போதும் முதலில் அணைவது அடுப்பே. விறகை இழுத்துப் போட்ட பின்னும், உள்ளே காய்ந்திருக்கும் குழாய்கள் ஆறும் வரை உலர்த்திக்காரர் விசிறியை ஓடவிட்டுப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.