ஒரே வளாகத்துப் பதினொருவர்

10 நவம்பர் 2024, ஞாயிறு, சேலியமேடு

அக்கா மகன் வந்திருந்தான். அவன் படிக்கும் சின்னப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆண்டுதான் கால்பந்து அணி தொடங்கியிருக்கிறார்கள். இவன்தான் கோலியாம். எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். "நாந்தான் உயரம் மாமா. வேற யாரும் நிக்க மாட்டேன்னுட்டாங்க." பி.டி. வாத்தியாராகவே காலம் தள்ளியவனுக்கு அணியின் மொத்தக் கதையும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனேன். மார்பு உயரத்துக்கு வரும் பந்தைப் பிடிக்கும்போது இரண்டு கட்டை விரலும் பந்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஒட்டியிருக்க வேண்டும். இவன் பந்தியில் இலைக்குக் கை நீட்டுகிறவன் மாதிரி உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றான். பந்து கைக்கு நடுவே புகுந்து நெஞ்சில் அடித்தது. இருட்டுகிற நேரத்துக்குப் பத்தில் ஆறு பிடித்தான். கை நல்ல கை. பன்னிரண்டு வயதில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

17 நவம்பர், ஞாயிறு

ஊரில் எல்லோரும் 'காலேஜ் டீம்' என்கிறார்கள். போட்டிக் கணக்கில் அது பல்கலைக்கழக அணி. இவர்கள் நேராகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டிக்குப் போக வேண்டும். அங்கே முதலில் நாக்-அவுட். ஒன்றில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது. அதற்கு இணைப்புக் கல்லூரிகள் உண்டு. காரைக்காலிலிருந்தும் எடுக்கலாம், மாஹேயிலிருந்தும் எடுக்கலாம். மாஹே என்றால் கண்ணூருக்குப் பக்கம், ஏழு பேர் அணியாக ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆடிப் பழகிய மண். ஒரே வளாகத்தை வைத்திருக்கும் இவன் பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதி கிடையாது. பிள்ளைச்சாவடிப் பொறியியல் கல்லூரி 2020-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அந்த மாதிரி உயர்வு வரும்போது பட்டத்தில் பெயர் மாறுவதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். நேற்று வரை பக்கத்துக் கல்லூரியோடு மோதிய பையன்கள் இனிமேல் கேரளத்துப் பல்கலைக்கழகங்களோடு மோத வேண்டும் என்பதை யார் பேசுகிறார்கள்?

21 நவம்பர், வியாழன்

"ஜெர்சி வந்துடுச்சி மாமா" என்று போன் செய்தான். பூட்ஸ்? "அவங்கவங்க வாங்கிக்கணுமாம்." விளையாட்டுக் கட்டணம் என்று வருஷா வருஷம் வாங்குகிறார்களே, அது எங்கே போகிறது?

பக்கத்துப் பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக்கூடம், இருந்தது. அதன் செலவுக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதிக்கொடுத்ததை நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. நம் பையன்களுக்குப் பதினொரு ஜோடி பூட்ஸ் வாங்கத்தான் வழியில்லை.

2 டிசம்பர், திங்கள்

ஃபெஞ்சல். சனிக்கிழமை இரவு கரையைக் கடந்த புயல் நகரவே இல்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. இப்போது சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் சேர்ந்து பாகூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்துவிட்டது. நெல் போச்சு. பந்தைப் பற்றி நினைக்கிற நாளில்லை.

ஆனாலும் ஒன்று. நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் மைதானமே கிடையாது. பல்கலைக்கழகப் போட்டிகளோ பெரும்பாலும் இந்த மாதங்களை ஒட்டித்தான் வருகின்றன. ஜூலையில் தொடங்க வேண்டிய பயிற்சியை அக்டோபரில் தொடங்கினால் இப்படித்தான்.

15 டிசம்பர், ஞாயிறு

கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு நட்பு ஆட்டம். பார்க்கப் போனேன். 0–4. முதல் பாதியில் ஒன்றுதான் விழுந்தது. மூச்சு வாங்கிய பிறகு மூன்று. இவன் இரண்டை அருமையாகத் தட்டிவிட்டான், ஆனால் தட்டிய பந்தை எடுக்க பேக் ஆட்டக்காரன் ஒருவனும் திரும்பவில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருஷமும் பந்தைத் தொடாமல் மார்க்குக்கு ஓடிய கால்கள், எழுபதாவது நிமிஷத்தில் நின்றுவிடுகின்றன. பயிற்சியாளர் கத்தி என்ன பிரயோசனம்?

22 டிசம்பர், ஞாயிறு

'புது டீம்னா அப்படித்தான்' என்று பையனின் அப்பா சமாதானம் சொல்கிறார். புது டீம் என்பது சாக்கு ஆகாது. கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1968-இல் பிறந்தது. 1971-இல், விக்டர் மஞ்ஞிலா தலைமையில், அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்தின் அசுதோஷ் முகர்ஜி கோப்பையை வென்றது. மூன்றே வயது. மஞ்ஞிலாவும் ஒரு கோலிதான்! பல்கலைக்கழகம்தான் புதுசு, ஆட்டக்காரர்கள் புதுசில்லை. மலபாரின் பள்ளிக்கூடங்களும் வயல்வெளி மைதானங்களும் ஏற்கெனவே ஆளாக்கி வைத்திருந்த பையன்கள் அவர்கள்.

இங்கே தெருவுக்கு ஒரு வாலிபால் நெட்டு, கிரிக்கெட் பேட்டுக்குக் கணக்கில்லை. பந்தை உதைக்கப் பள்ளி கிரவுண்டுதான் இடம். அதுவும் பல ஊர்களில் மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. நானும் என் காலத்தில் அதற்காகத் தலைமையாசிரியர்களோடு சண்டை போட்டவன், பாதிதான் ஜெயித்தேன்.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்ட பிறகு இரண்டு கேள்வி கூடக் கேளுங்கள்: பி.டி. பீரியடில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? சாயங்காலம் ஆறு மணி வரை கேட் திறந்திருக்குமா?