தரையில் நடக்கும் பட்டு

கல்யாணக் கூறைப் புடவை எடுக்கத் தாம்பரம் பக்கத்திலிருந்து காஞ்சிபுரம் போகிறவர்களில் பலர் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில்தான் போகிறார்கள். ஒரகடத்தில் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள் கோயில் சாலை குறுக்கிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மதில் சுவர், தொழிற்சாலைக் கூரை, கண்டெய்னர் லாரி! "இங்கே பார்க்க என்ன இருக்கிறது? சீக்கிரம் போப்பா!" என்று டிரைவரை விரட்டத்தான் தோன்றும்.

விரட்டாதீர்கள், அம்மா! கோடையின் வெக்கைக்குப் பிறகு நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் காலையாக இருந்தால், காஞ்சிக்குப் போகுமுன்பே ஒரு பட்டைப் பார்த்துவிட உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம். கடையில் அல்ல, தரையில்!

வேலிக்கு வெளியே புதர் மண்டிய செம்மண் தரையை உற்றுப் பாருங்கள். கடலைப் பருப்பு அளவில், அரக்குச் சிவப்பில், வெல்வெட் துணியைக் கத்தரித்துச் செய்தாற்போல் ஒன்று மெல்ல நகரும். தொட்டால் கால்களை மடக்கிக் கொண்டு, "நான் இல்லை" என்று படுத்துவிடும். சற்று நேரம் கழித்து எழுந்து நடக்கும். பயம் வேண்டாம், மனிதரை இது கடிப்பதில்லை.

'பட்டுப்பூச்சி' என்று சில ஊரில் சொல்வார்கள். 'தம்பலப்பூச்சி' என்பதும் இதுதான். வடமொழியில் இந்திரகோபம். ஆருத்ரா நட்சத்திரத்தில் சூரியன் இருக்கும் ஜூன் கடைசியில் தோன்றுவதால், தெலுங்கர்கள் 'ஆருத்ரா புருகு' என்கிறார்கள்.

பெயர் இத்தனை இருந்தும் இது பூச்சியே அல்ல! சந்தேகமிருந்தால் குழந்தையை விட்டுக் கால்களை எண்ணச் சொல்லுங்கள். பூச்சிக்கு ஆறு கால்; இதற்கு எட்டு. இறக்கை கிடையாது, தலையில் உணர்கொம்பும் கிடையாது. முன்னங்கால் இரண்டையும் நீட்டித்தான் வழியைத் தடவிப் பார்க்கிறது. இலவ மரத்தடியில் கூட்டமாகத் திரியும் சிவப்புப் பூச்சிக்கு ஆறு கால், நீண்ட உணர்கொம்பு. அதையும் இதையும் குழப்பிக் கொள்ள வேண்டாம். நம் பட்டு, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. வேடிக்கை என்னவென்றால், முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறே கால்தான்! வெட்டுக்கிளி போன்றவற்றின் மேல் ஒட்டிக் கொண்டு சாறு உறிஞ்சி வளர்ந்த பிறகுதான் எட்டாகிறது.

வருஷத்தில் பெரும்பகுதி இதற்கு மண்ணுக்குள் வாசம். மழை பெய்து ஈசல் கிளம்பும்போது இதுவும் கிளம்பும். ஈசல்தான் இதற்கு விருந்து. சில நாளில் மறுபடி மண்ணுக்குள் போய்விடும். இந்தக் குலத்தில் சிலவற்றின் கல்யாணமும் ரசமானது. ஆண், குச்சியிலும் புல்லிலும் தன் வித்துக்களை வைத்து ஒரு சிறு தோட்டம் போடும்; அங்கே வந்து சேர மெல்லிய பட்டு இழையால் பாதையும் போடும். பிடித்திருந்தால் பெண் வந்து அமரும். வேறோர் ஆண் பார்த்துவிட்டாலோ, தோட்டத்தைப் பாழாக்கிவிட்டுத் தன் தோட்டத்தைப் போடும்!

சங்கப் புலவர்கள் இதை 'மூதாய்' என்றார்கள். அகநானூற்றின் பதினான்காம் பாட்டில், அரக்குப் போன்ற செம்மண் பெருவழி வருகிறது. அதில் நீலக் காயாம்பூ உதிர்ந்து கிடக்க, நடுவே மூதாய்கள் ஊர்கின்றன. பவளமும் நீலமணியும் கலந்தாற்போல இருந்ததாம். அந்தக் காயா, பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் இலையுதிராப் புதர்க்காட்டுக்கு உரிய செடி. களா, காரை, சூரை எல்லாம் அதன் அக்கம்பக்கத்தார்.

பெருவழி இன்றும் இருக்கிறது; போக்குவரத்துத்தான் மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. எத்தனையோ வீடுகளில் உலை கொதிப்பது இந்த ஆலைகளால்தான். அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் மூதாய் கேட்பது கிளறாத மண் கொஞ்சம், அதன்மேல் புதர் கொஞ்சம், அவ்வளவுதான். சிமென்ட் பூசிய தரையைப் பிளந்து கொண்டு வர அதற்குச் சக்தி ஏது? மழை வரும், ஈசலும் எங்கிருந்தோ வரும். பட்டு மட்டும் வராது.

இதைப் பிடித்துக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, வாதத்துக்கு மருந்தென்று விற்கிறவர்கள் வட நாட்டில் உண்டு. நீங்கள் அதை நாடாதீர்கள். தீப்பெட்டியில் அடைத்து வீட்டுக்கும் கொண்டு வர வேண்டாம். குழந்தையின் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் ஊர விட்டு, எட்டுக் காலையும் எண்ணச் சொல்லி, எடுத்த இடத்திலேயே இறக்கிவிடுங்கள். கொல்லையில் ஒரு மூலை மண் இருந்தால், அதற்கும் சிமென்ட் பூச மேஸ்திரி வரும்போது, "இது இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். காஞ்சிப் பட்டை எப்போது வேண்டுமானாலும் நெய்து தருவார்கள். இந்தப் பட்டுக்குத் தறி அந்த மண்தான்.