மேடையில் முகம் தெரியவேண்டும்



2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் இசைக்குழுவின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி முடிந்த இரவு. ஊரிலிருந்து வந்திருந்த என் தாயாரை ஆட்டோவில் ஏற்றி வீட்டிற்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். அன்றுதான் முதன்முறையாக எட்டுப் புதிய எல்.இ.டி. விளக்குகளை மேடையில் ஏற்றியிருந்தோம். சிவப்பு, பச்சை, நீலம் என்று நொடிக்கு நொடி மாறிய அந்த வெளிச்சத்தைப் பார்த்து வாலிபர்கள் கைதட்டினார்கள். அம்மாவும் ஏதாவது புகழ்ச்சியாகச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்களோ வெகுநேரம் மவுனமாயிருந்துவிட்டு, "பாட்டெல்லாம் நல்லா இருந்திச்சுப்பா. ஆனா உன் மூஞ்சிதான் சாம்பல் பூசினாப்பல இருந்திச்சு. உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று கேட்டார்கள்.

ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்தை அந்த விளக்குகளில் போட்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி முள்ளைப்போல் குத்திற்று. அதற்கு விடை தேடிய கதையையும், அதற்கு முன்பாக இதைவிடப் பெரிய ஒரு தவற்றுக்கு நாங்கள் தப்பிய கதையையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் சபையிலும் கிட்டாரும் கீபோர்டும் வைத்திருக்கிற வாலிபர்கள் இருப்பார்கள். அவர்கள் இன்றோ நாளையோ விளக்கு வாங்கப் புறப்படுவார்கள்.

நான் குடியாத்தம் பக்கத்திலிருந்து 1999-ஆம் ஆண்டு பீன்யாவில் லேத் பட்டறை வேலைக்கு வந்தவன். 2005-ல் நாங்கள் ஐந்துபேர் சேர்ந்து பாட ஆரம்பித்தோம். திருமண வரவேற்பு, வாலிபர் கூட்டம், டிசம்பரில் கீதபவனி என்று அழைத்த இடமெல்லாம் போவோம். எங்கள் முதல் விளக்குகள், கட்டடம் கட்டும் இடங்களில் தொங்குமே, அந்த 500 வாட் ஹாலஜன் இரண்டு. அவற்றின் சூட்டில் மேடை ஓரத்துப் பூச்செண்டுகள் பாட்டு முடிவதற்குள் வாடிப்போகும். வண்ணம் வேண்டுமென்று ஒருவர் முன்னால் கலர் பேப்பரைக் கட்ட, அது புகைந்து கருகியது.

பிறகு எஸ்.ஜே.பி. ரோடில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் பார் 56 விளக்குகள் எட்டு கிடைத்தன. கறுப்புத் தகரக் குழாய்க்குள் பெரிய பல்பு இருக்கும் விளக்கு அது. 56 என்பது வாட் அல்ல, பல்பின் விட்டம். அங்குலத்தை எட்டாகப் பிரித்து அளப்பதால், 56 என்றால் ஏழு அங்குலம். பெரிய கச்சேரிகளில் காணும் பார் 64 என்றால் எட்டு அங்குலம். எங்களுடையவை ஒவ்வொன்றும் 300 வாட். சூட்டைத் தாங்கும் ஜெலட்டின் தாளை முன்னால் செருகினால் வண்ணம் கிடைக்கும். (எங்கள் ட்ரம்ஸ் சகோதரர் கோலார் தங்க வயலைச் சேர்ந்தவர். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் தங்களுடையது என்றும், பெங்களூர்த் தெருக்களுக்கு அது 1905-ல்தான் வந்தது என்றும் எந்தக் கடையில் நின்றாலும் சொல்லாமல் விடமாட்டார்.)

எட்டு விளக்கு, 300 வாட். பெருக்கினால் 2400. அதை 230 வோல்ட்டால் வகுத்தால் பத்து ஆம்பியருக்குச் சற்று அதிகம். இந்தச் சிறிய கணக்கை நாங்கள் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. வீடுகளில் மின்விசிறிக்கு இருக்கும் சாதாரண சாக்கெட் ஆறு ஆம்பியருக்கானது. அதிலேயே எட்டையும் கோத்தோம். பிளக்கு சூடேறி, துவாரத்தைச் சுற்றிப் பழுப்பேறியபோதும், "பழைய சாக்கெட்" என்று சொல்லிக் கடந்துபோனோம்.

அதைவிட மோசமான காரியம் ஒன்றை நான் என் கையாலேயே செய்திருந்தேன். ஒரு பந்தலில் இரண்டு துவார சாக்கெட் மாத்திரமே இருந்தது. நேரமோ ஆகிவிட்டது. எங்கள் எக்ஸ்டென்ஷன் பிளக்கின் மூன்றாவது முள்ளை, அந்தத் தடித்த எர்த் முள்ளை, கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தேன். விளக்கு எரிந்தது. எரிந்தபடியால் அந்தப் பிளக்கை அதன்பின் மாற்றவேயில்லை.

சம்பவித்தது 2009-ல், ஒரு வீட்டு முற்றத்தில் நடந்த நிச்சயதார்த்த விழாவில். எங்களுக்கு முன்நின்று பாடுகிற சகோதரர் வலக்கையில் மைக்கைப் பிடித்தபடி, இடக்கையை விளக்கு ஸ்டாண்டின்மேல் சாய்த்தார். பாட்டு பாதியில் அறுந்தது. அவர் கத்தவில்லை, கத்த முடியவில்லை. இரண்டு கைகளும் இறுகிப்போய், உடல் விறைத்து நின்றார். கூட்டத்தில் சிலர் அவர் பரவசப்பட்டு நிற்கிறார் என்றே எண்ணினார்கள். கீபோர்டு வாசித்த தம்பிதான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். சகோதரர் வேரறுந்த வாழையைப்போல் சாய்ந்தார். தேவனுடைய கிருபையால் உயிர் தப்பினார். இடது கை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. அவருக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று இருந்தது. மறுநாள் அவர் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நடந்தது இதுதான். பார் விளக்கின் சூட்டில் உள்ளே இருக்கும் ஒயரின் உறை வறண்டு, நொறுங்கி, ஃபேஸ் கம்பி தகரத்தைத் தொட்டுவிட்டது. எர்த் இருந்திருந்தால் மின்சாரம் அந்த வழியாய்ப் பாய்ந்து, ஃபியூஸ் அந்த நொடியே போயிருக்கும். எர்த் முள்ளை நான் வெட்டிவிட்டபடியால், விளக்கும் அது நின்ற இரும்பு ஸ்டாண்டும் யாராவது தொடட்டும் என்று காத்திருந்தன. மைக்கின் உலோக உடலோ, கேபிள் வழியாக மிக்சருக்கும் அங்கிருந்து எர்த்துக்கும் போகிறது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் எர்த், நடுவே ஒரு மனிதனுடைய மார்பு.

அதன்பின் மூன்று மாதம் நாங்கள் விளக்கே கட்டவில்லை. அந்த மாதங்களில் பட்டறையில் இருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் எனக்கு ஒரு பெட்டி செய்துகொடுத்தார். 16 ஆம்பியர் பிளக்கு, இரண்டரை சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் கேபிள், ஓர் எம்.சி.பி., அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இந்தக் கடைசி உறுப்பு, போன மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். கொஞ்சம் ஒருவருடைய உடல் வழியாகக் கசிந்தாலும், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் உண்டு. இன்றுவரை எந்த மேடையிலும் அதை அமுக்கிப் பார்த்த பிறகுதான் முதல் விளக்கைச் செருகுகிறேன். வாசகரே, உங்களிடம் பணம் குறைவாயிருந்தால் விளக்கு இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியைக் குறைக்கவேண்டாம்.

இனி எல்.இ.டி. கதைக்கு வருகிறேன். சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. பிரகாசமான நீலம் மாத்திரம் வெகுகாலம் கிடைக்கவில்லை. ஜப்பானில் அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருடைய உழைப்பினால் 1990-களில் அது கைகூடிற்று. 2014-ல், எங்கள் எட்டு விளக்குகளை வாங்கின அதே ஆண்டில், அம்மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று வாட் எல்.இ.டி. 54 கொண்ட விளக்கு அதிகபட்சம் 162 வாட். எட்டும் சேர்ந்தாலும் 1300-ஐத் தாண்டாது. சூடு குறைவு, ஜெலட்டின் வேண்டாம். பழைய டிம்மர் போட்டபோதெல்லாம் கிட்டார் ஸ்பீக்கரில் வந்த ரீங்காரமும் நின்றது.

இவற்றை இயக்க டி.எம்.எக்ஸ். 512 என்கிற முறை உண்டு. 1986-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஒரே கேபிளில் 512 சேனல்கள். எங்கள் விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஏழு சேனல் தேவை. ஆகவே முதல் விளக்கின் முகவரி 1, அடுத்தது 8, அதற்கடுத்தது 15, எட்டாவது விளக்கு 50. தபால்காரருக்கு வீட்டு எண்ணைப்போல் இது. எண்ணைத் தவறாக வைத்தால் ஒருவனுக்கு அனுப்பின நீலம் இன்னொருவன்மேல் போய் விழும். நாங்கள் செலவைக் குறைக்க மைக் கேபிளையே உபயோகித்தோம். சிறிய அறையில் ஒழுங்காக இருந்தது. பெரிய மேடையில் கடைசி இரண்டு விளக்குகள் பேய் பிடித்ததுபோல் துடித்தன. சிக்னல் கேபிளின் முனையில் மோதித் திரும்பி வருவதுதான் காரணம். அதற்கென்றுள்ள 120 ஓம் கேபிளை வாங்கி, கடைசி விளக்கின் வெளிவாயிலில் இரண்டாம் மூன்றாம் பின்களுக்கு நடுவே ஒரு 120 ஓம் ரெசிஸ்டரை வைத்தோம். எஸ்.பி. ரோடில் அதன் விலை ஒரு தேநீருக்கும் குறைவு. துடிப்பு அடங்கிற்று.

ஆனாலும் சாம்பல் முகம் அப்படியே இருந்தது.

அம்மா சொன்னதை முதலில் வயதின் குறையென்று ஒதுக்கினேன். பின்பு நிகழ்ச்சியின் புகைப்படங்களைப் பார்த்தேன். எங்கள் ஐவர் முகமும் ஒன்று பச்சை கலந்த சாம்பல், அல்லது கருநீலம். ட்ரம்ஸ் சகோதரருக்குப் பல் மாத்திரம் தெரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சேர்த்தால் வெள்ளை வரும் என்பது பாடப்புத்தகத்துக்குச் சரி; வெள்ளைச் சுவரில் அடித்தாலும் சரிதான். ஆனால் அந்த வெள்ளையில், சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே மஞ்சளும் ஆம்பரும் இருக்கவேண்டிய இடம் ஏறக்குறைய வெறுமை. நம்முடைய மாநிறத் தோலும் கறுத்த தோலும் உயிரோடு தெரிவது அந்த இடத்து வெளிச்சத்தில்தான். அதிக வாட் எரித்து எங்களைச் சுட்ட அந்தப் பழைய பல்பில் அது தாராளமாக இருந்தது. புதியது பழையதைவிட எல்லா விதத்திலும் மேலானது என்று நம்பி அதை விற்றுத் தொலைத்திருந்தேன்.

மேடைக்கு வெளிச்சம் இடுவதைப்பற்றி அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வகுத்த முறை எளியது. பாடுகிறவருக்கு முன்னே, வலமும் இடமுமாக, மேலிருந்து 45 பாகைச் சாய்வில் இரண்டு விளக்குகள். ஒன்று சற்று வெதுவெதுப்பான நிறம், மற்றது சற்றுக் குளிர்ந்த நிறம். அப்பொழுது மூக்கும் கன்னமும் கண்குழியும் உருவம் பெறும். நாங்களோ எட்டையும் பாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் வைத்து, சபையார் கண்ணைக் கூசச் செய்திருந்தோம்.

ஆகவே அடுத்த ஆண்டு வண்ண விளக்கு ஒன்றும் வாங்கவில்லை. 'வார்ம் ஒயிட்' விளக்கு நான்கு மாத்திரம் வாங்கி முன்னால் உயரத்தில் வைத்தோம். வண்ணங்களைப் பின்திரையோடு நிறுத்தினோம். மின்னல்போல் வெட்டும் ஸ்ட்ரோபை அறவே விட்டுவிட்டோம். வலிப்பு நோயுள்ள ஒரு பிள்ளை கூட்டத்தில் இருந்தால் அது விளையாட்டல்ல. வாலிபர்களுக்கு இதில் வருத்தம்தான். என் தீர்மானத்தில் நான் அசையவில்லை.

முன்னால் உயரத்தில் என்றால், ஜனங்களின் தலைக்குமேல் என்று பொருள். இங்கேதான் வேறொரு பாடம் கைகொடுத்தது. 2007 மார்ச் மாதம் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் என்னும் ஆங்கிலக் குழுவின் கச்சேரி நடந்தது. அதற்கு மேடை கட்டிய நாட்களில் கூலிக்கு இரும்பு தூக்கப் போயிருந்தேன். அந்த இசையைப்பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால் அங்கே தொங்கிய ஒவ்வொரு விளக்கிலும், பிடிக்கும் கொக்கியைத் தவிர, எஃகுக் கயிறு ஒன்று தனியாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். கொக்கி கழன்றாலும் விளக்கு விழாது, தொங்கும். அதை இப்போது நாங்களும் செய்கிறோம். ஸ்டாண்டின் கால்களை முழுவதும் விரித்து, ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை வைக்கிறோம். 2017-ல் ஒரு திறந்தவெளிக் கூட்டத்தில் மழைக்குமுன் அடித்த காற்றில் ஷாமியானா பிய்ந்து பறந்தது. எங்கள் ஸ்டாண்டு நின்ற இடத்தில் நின்றது. அதன் கீழே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். அதற்குப்பின்தான் எங்கள் கணக்குப் பார்க்கும் வேளை. எஃகுக் கயிறு பன்னிரண்டு, மணல் மூட்டை பன்னிரண்டு, கேபிள் சுருள் பதினாறு. அன்று மின்சாரம் தாக்கப்பட்ட சகோதரர்தான் எண்ணுகிறார். பிளக்கின் மூன்றாவது முள்ளைத் தடவிப் பார்க்காமல் அவர் எந்தக் கேபிளையும் பெட்டிக்குள் விடுவதில்லை. அதைப்பற்றி என்னிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மா மறுபடியும் 2018 டிசம்பரில் வந்தார்கள். கண்புரை அறுவை முடிந்திருந்தது. ஆனாலும் பின்வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். ஆட்டோவில் ஏறியதும் நானாகவே, "இன்னைக்கு லைட் எப்படிம்மா இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"லைட்டா? அதை யாருப்பா பார்த்தா?" என்றார்கள். "ரெண்டாவது பாட்டுல எதுக்கு அப்படி முகத்தைச் சுளிச்சே? பல்வலி இன்னும் போகலையா?"