வடிக்காத பீன்ஸ்

பீன்ஸை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, சல்லடையில் கொட்டி, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஓடவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். லேசான தித்திப்பு, கொஞ்சம் உப்பு, பாசிப்பயறு வேகும்போது எழுமே அதுபோல ஒரு வாசனை. பொரியலில் இருக்கவேண்டிய ருசி பாதிக்குமேல் அதில் இறங்கியிருக்கும். மிச்சத்தின்மேல் கடுகையும் தேங்காயையும் போட்டு ஒப்பேற்றிவிட்டு, "பீன்ஸ்ல என்ன ருசி இருக்கு" என்று காயைக் குறை சொல்கிறோம்.

பீன்ஸுக்கு ருசி உண்டு. அதைக் காயிலேயே நிறுத்திவைப்பதற்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். காய் வெந்து முடிவதும் தண்ணீர் வற்றி முடிவதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இதற்கான வேலை காய் வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது.

எங்கள் தெருமுனையில் காய் விற்கும் அக்கா, குவியலிலிருந்து யாராவது பீன்ஸை எடுத்து வளைத்துப் பார்த்தால் விடமாட்டார். "வளைச்சா என்னம்மா தெரியும்? ஒடிச்சுப் பாருங்க" என்பார். அவர் சொல்வது சரி. டக்கென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் ஈரம் துளிர்த்தால் காய் புதுசு. ஒடியாமல் மடங்கிக்கொண்டே போனால் பறித்து நாளாகிவிட்டது. அதற்குள் இருந்த ஈரம் போய்விட்டதால் வாணலியில் நாம்தான் தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். தோலின்மேல் விதை மேடு மேடாகத் தெரிந்தால் முற்றல். அதை உரித்து விதையைக் குருமாவில் போடலாம், பொரியலுக்கு வேண்டாம். கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் முருங்கை பீன்ஸ் கிடைத்தால் நான் வேறெதையும் பார்ப்பதில்லை.

நார் உரிக்கிற வேலை இப்போது பெரும்பாலும் இல்லை. 1894-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கால்வின் கீனி என்பவர் நாரில்லாத பீன்ஸ் ரகத்தை உருவாக்கினார். இரண்டு முனையையும் கிள்ளிப்போட்டு வேலையை முடிக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். நாட்டு ரகம் வாங்கினால் மட்டும் கிள்ளும்போதே நாரையும் சேர்த்து இழுத்துவிட வேண்டும்.

கழுவுவது நறுக்குவதற்கு முன்பு. நறுக்கியபின் கழுவினால் வெட்டுவாய் வழியாகச் சாறு போய்விடும். ஐந்தாறு காயைச் சேர்த்துப் பிடித்து, கால் அங்குலத்துக்கும் குறைவாக, எல்லாம் ஒரே அளவில் நறுக்க வேண்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் சிறியது குழையும்வரை பெரியது வேகாது. அரிவாள்மனையோ கத்தியோ, கை பழகியது எதுவானாலும் சரி.

கால் கிலோ காய்க்கு இரண்டு ஸ்பூன் எண்ணெய் போதும். வாணலி அகலமாக இருக்கட்டும். கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்ததும் கிள்ளிய வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. உடனே காய். முதலில் தண்ணீர் விடாமல் இரண்டு நிமிடம் வதக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் காயின் பச்சை பளிச்சென்று ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். காயின் திசுக்களுக்கு இடையே இருக்கும் காற்று சூட்டில் வெளியேறுவதால் உள்ளே இருக்கும் நிறம் தெளிவாகத் தெரிகிறது. இந்த இடத்தில் உப்புப் போட்டு, கால் டம்ளர் தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும்.

மூடுவதா, திறந்துவைப்பதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு இருக்கும். காய் வேகும்போது அதிலிருந்து அமிலம் வெளிவருகிறது. அது பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டால் காய் பழுப்பேறிய பாசிப் பச்சையாகிவிடும். திறந்திருந்தால் அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், நிறம் நிற்கும். ஆனால் இவ்வளவு குறைந்த தண்ணீரில் முழுக்கத் திறந்துவைத்தால் காய் வேகாமலே தண்ணீர் தீர்ந்துபோகும். ஆகையால் முதல் இரண்டு மூன்று நிமிடம் திறந்தும், அதற்குப்பின் தட்டைச் சாய்த்து அரைகுறையாக மூடியும் வைக்கிறேன். நிறத்துக்காகச் சமையல் சோடா போடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பச்சை நிற்கும், உண்மைதான். ஆனால் காய் கொழகொழத்துவிடும், வைட்டமினும் அழியும்.

அதன்பிறகு காதுதான் வேலை செய்ய வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை தளதளவென்று அடங்கிய ஓசை. குறையக் குறைய அது சன்னமாகி, விட்டுவிட்டு வரும். கடைசிச் சொட்டும் போனதும் எண்ணெய் மறுபடி தலைதூக்கி 'ஸ்ஸ்' என்று சீறத் தொடங்கும். அந்தச் சீறல் கேட்கும்போது ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் இறங்கியும் துண்டு நசுங்காமல் நின்றால் பதம். இறங்கவில்லையென்றால் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். தெளிக்கத் தெளிக்கச் சேர்த்துக்கொள்ளலாம், ஊற்றியதை எடுக்க முடியாது. போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். கடினநீரில் உள்ள கால்சியம் காயின் தோலை இறுக்கிவிடுகிறது. புளியும் எலுமிச்சையும் அப்படித்தான், வேகவிடாது. எலுமிச்சை பிழிய ஆசைப்பட்டால் அடுப்பை அணைத்தபின் பிழியலாம்.

தேங்காய்த்துருவலும் அணைத்தபின்தான். சூட்டில் ஒரு புரட்டு. அடுப்பில் வைத்து வறுத்தால் தேங்காயின் பால் ருசி போய் எண்ணெய் ருசிதான் நிற்கும். நாகர்கோவில் பக்கத்துத் துவரனுக்கு வேறு கணக்கு. அங்கே தேங்காயோடு சீரகம், பூண்டு, மிளகாய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துப் போடுவதால் பச்சை வாசனை போக ஒரு நிமிடம் அடுப்பில் இருந்தே ஆக வேண்டும். தேங்காயெண்ணெயில் செய்த அந்தத் துவரனுக்கு நிகராக இன்னொரு பீன்ஸ் தொடுகறியை நான் சாப்பிட்டதில்லை.

இவ்வளவு தெரிந்த நம் வீடுகளில் வடிக்கிற பழக்கம் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். பீன்ஸ் நம் மண்ணின் காய் அல்ல. மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் விளைந்து, ஐரோப்பா போய், அங்கிருந்து இங்கே வந்தது. 1819-இல் நீலகிரிக்கு ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் உருளைக்கிழங்கும் மற்ற மேலைநாட்டுக் காய்களும் பயிரிட வழி செய்தார். அந்த மலைக்குளிரில்தான் இந்த 'இங்கிலீஷ் காய்கறி'கள் வேர்விட்டன. வெளியிலிருந்து வந்த காய் என்பதால் என் அத்தை வீட்டில் திவசத்தன்று இன்றைக்கும் பீன்ஸ் சமையலறைக்குள் வராது. கொத்தவரங்காய், வாழைக்காய், சேனை, புடலை, இவைதான். பீன்ஸ் வருவதற்கு முன்பே பொரியல் செய்யும் கை நமக்குத் தயாராக இருந்தது. அந்தக் கை கொத்தவரங்காயில் பழகியது. கொத்தவரைக்குக் கசப்பு உண்டு, வடித்துக் கொட்டினால் கசப்பும் போகும், அதில் நியாயம் இருக்கிறது. அதே வைத்தியத்தைப் புதிதாக வந்த பீன்ஸுக்கும் செய்துவிட்டார்கள் என்பது என் ஊகம். கசப்பே இல்லாத காய்க்கு அது தேவையில்லை.

பீன்ஸைப் போஞ்சி என்று சொல்லும் யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி வைக்கும் போஞ்சிப் பால்கறியில் இந்தச் சிக்கலே கிடையாது. நீளநீளமாக நறுக்கிய காய், வெங்காயம், பச்சைமிளகாய், இரண்டாம் பாலில் வேகவிட்டு, கடைசியில் முதல் பால். காய் விட்ட சாறு முழுக்கக் குழம்பிலேயே நிற்கும், சோற்றில் பிசைந்துவிடுவார்கள்.

பருப்பு உசிலிக்கு மட்டும் என் விதியைக் கொஞ்சம் தளர்த்துவேன். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, மிளகாய், பெருங்காயம், உப்போடு கொரகொரப்பாக அரைத்து, இட்லித்தட்டில் வேகவைத்து, ஆறியபின் உதிர்த்து, எண்ணெயில் மொறுமொறுவென்று வரும்வரை புரட்ட வேண்டும். அது தயாரானபின் பீன்ஸைச் சேர்க்கும்போது காயில் சற்றே ஈரம் மிச்சமிருக்கட்டும். காய்ந்த பருப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பீன்ஸின் ருசி பருப்புக்குள் போய்விடும். முழுக்க வற்றவைத்துச் சேர்த்தால் உசிலி தொண்டையை அடைக்கும். பக்கத்தில் மோர்க்குழம்பு இருந்தால் நல்லது, வத்தக்குழம்பானால் இன்னும் நல்லது.

அப்பாவுக்கு இப்போது பல்செட். "காயை நல்லா வேகவைம்மா" என்கிறார். கூடுதல் தண்ணீர் விட்டுக் குழையவைத்தால் அவருக்கு எளிதுதான், ஆனால் ருசி தெரிந்த நாக்கு அவருடையது, அதற்குச் சக்கையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவருக்கென்று ஒரு பிடி காயை எடுத்து, உளுத்தம்பருப்பு அளவுக்குப் பொடிப்பொடியாக அரிந்து, சின்ன வாணலியில் தனியாகப் போடுகிறேன். அந்த அளவில் அரிந்தால் அதே கால் டம்ளர் தண்ணீரில் பாதிகூட வேண்டியிருக்காது, மெல்லாமலே மசியும் பதத்துக்கு வெந்துவிடும். தாளிப்பில் உளுத்தம்பருப்பை மட்டும் அவருக்காக விட்டுவிடுகிறேன், அது பல்செட்டின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.