சாவி எங்கே இருக்கிறது?

கார் சாவியின் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்தால் ஒரு பக்கம் சர்க்யூட் போர்டும் பொத்தான்களும் வட்ட பேட்டரியும் இருக்கும். கதவைப் பூட்டித் திறக்கும் ரிமோட் அது. பல சாவிகளில் இன்னொரு மூலையில், எந்தக் கம்பியும் தொடாமல், 12 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு தனியாகச் செருகப்பட்டிருக்கும். பேட்டரிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் எஞ்சின் ஓடலாமா கூடாதா என்பது அந்தத் துண்டைப் பொறுத்ததுதான்.

என் அக்காவின் கார் சாவி தொலைந்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து வந்த சாவிக்காரர் முதலில் வெறும் உலோகச் சாவி ஒன்றை வெட்டினார். கதவு திறந்தது. திருகியதும் எஞ்சின் பிடித்தது; இரண்டு நொடியில் அணைந்தது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. “பல்லு சரியாத்தான் சார் இருக்கு. இது யாருன்னு வண்டிக்குத்தான் தெரியல” என்றார்.

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகி, அந்த வண்டிக்கான ரகசிய எண்ணைக் கேட்டார். ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் காட்டி டீலரிடம் வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கறுப்புத் துண்டைப் போன்ற புதுச் சில்லொன்றை வண்டியின் நினைவில் சேர்த்தார். தொலைந்த சாவியின் பதிவை அழித்தார். இந்த இரண்டாவது வேலையைப் பலர் கேட்டுச் செய்துகொள்வதில்லை. கட்டாயம் கேட்க வேண்டும். இல்லையென்றால் தொலைந்த சாவியைக் கண்டெடுத்தவர் வண்டியை எடுத்துக்கொண்டே போகலாம்.

பேட்டரி இல்லாத ஒரு துண்டு, தான் யாரென்று எப்படிச் சொல்கிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பழைய காப்புரிமைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

வேலை செய்யும் விதம் இதுதான். சாவி நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருகியதும் அது மாறும் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்குகிறது. சாவிக்குள் இருக்கும் துண்டிலும் ஒரு நுண்சுருள் உண்டு. அந்தப் புலத்திலிருந்தே அதில் மின்சாரம் பிறந்து சில்லு விழித்துக்கொள்கிறது. வண்டி ஓர் எண்ணை அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் புது எண். சில்லு தன்னிடமுள்ள ரகசியத்தைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடை அனுப்புகிறது. வண்டியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தினால் எரிபொருள் தொடர்ந்து போகும். ரகசியம் மட்டும் ஒருபோதும் காற்றில் வருவதில்லை.

சாவியைத் திருகினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாடு 1949இல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. அதன் பிறகும் பல்லாண்டுகள் சாவி என்பது வெட்டிய உலோகம் மட்டுமே. 1986 கார்வெட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் சாவியின் தண்டில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. தடையின் அளவு பொருந்தாவிட்டால் வண்டி சில நிமிடங்களுக்குக் கிளம்பாது. நல்ல யோசனை. ஆனால் மொத்தம் 15 அளவுகள்தான். திருடனிடம் 15 சாவிகள் இருந்தால் பொறுமையாக உட்கார்ந்து முயன்று பார்த்துவிடலாம்.

பேட்டரி இல்லாத சில்லின் வேர் கார் தொழிலிலேயே இல்லை. 1945இல் சோவியத் பள்ளிக் குழந்தைகள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். அதற்குள் சோவியத் கண்டுபிடிப்பாளர் லியோன் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதில் பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் உயிர்பெறும். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாவிச் சில்லின் நுட்பம் அதிலிருந்து மாறுபட்டதுதான். ஆனாலும் மின்சாரமே இல்லாத ஒரு பொருளை வெளியே இருந்துகொண்டு பேசவைக்கலாம் என்பதற்கு இதைவிடத் துணிச்சலான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1973இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் சார்லஸ் வால்டன் பேட்டரி இல்லாத அட்டையால் கதவைத் திறக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் அணுப்பொருள் ஏற்றிய லாரிகளைக் கண்காணிக்க இத்தகைய அடையாளச் சில்லுகளை உருவாக்கியது. பிறகு வேளாண் துறை கேட்டதால் மாடுகளுக்கும் செய்து கொடுத்தது. மாட்டுக்கும் நாய்க்கும் தோலுக்கடியில் வைக்கும் சில்லுக்கான பன்னாட்டு அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கார் சாவிகளுக்குத் தந்த சில்லுகளும் அதே அலைவரிசையில்தான் பேசின. தொழுவத்துக்கும் கார் நிறுத்தத்துக்கும் இப்படியோர் உறவு இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இந்த ஏற்பாட்டுக்கு இமொபிலைசர் என்று பெயர். 1998இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாப் புதிய கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அதனால் நெதர்லாந்தில் கார் திருட்டுக்கான வாய்ப்பு சராசரியாக 50 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள். இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்தது. 2011 முதல் 2021 வரை அங்கே விற்ற கியா, ஹூண்டாய் கார்களில் பலவற்றுக்கு இமொபிலைசர் இல்லை. ஒரு யு.எஸ்.பி. முனையை வைத்தே அவற்றைக் கிளப்பிக்காட்டும் வீடியோக்கள் 2022இல் பரவி, நகரம் நகரமாகத் திருட்டு பெருகியது. மலிவான ஒரு சில்லை மிச்சம்பிடித்ததன் விலையைக் கார் வாங்கியவர்கள் கொடுத்தார்கள். இதைப் படிக்கையில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சில்லும் உடையாததல்ல. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தினரும் சேர்ந்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லின் 40 பிட் ரகசியத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார்கள். அடுத்தடுத்த தலைமுறைச் சில்லுகளில் ரகசியம் நீண்டது.

ஆனால் கதை திரும்பிய இடம் வேறு. 1998 மெர்சிடஸ் எஸ் கிளாஸ் காரில் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்ற வசதி வந்தது. இன்று நம் ஊர் நடுத்தரக் கார்களிலும் அதுதான். கைப்பிடியைத் தொட்டதும் வண்டி தாழ்ந்த அலைவரிசையில் கூப்பிடுகிறது. அந்தக் கூப்பிடல் ஓரிரு மீட்டருக்கு மேல் எட்டாது. சாவி அதைக் கேட்டு உயர்ந்த அலைவரிசையில் பதில் சொல்கிறது. சாவிக்குக் கேட்டது என்றால் சாவி பக்கத்தில் இருக்கிறது என்று வண்டி எடுத்துக்கொள்கிறது.

சூரிக் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் 2011இல் இந்த நம்பிக்கையைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்தில், இன்னொருவர் சாவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். நடுவே அலையைப் பெருக்கிக் கடத்தும் கருவிகள். எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் திறந்தன, கிளம்பின. எந்த ரகசியத்தையும் அவர்கள் உடைக்கவில்லை. கேள்வியும் விடையும் உண்மையானவை, தூரம் மட்டுமே பொய்.

என்னை அதிகம் உலுக்கியது இதற்குப் பிறகு கிடைத்த ஒரு கட்டுரை. 1993இல் குறியாக்க ஆய்வாளர்கள் ஸ்டெஃபான் பிராண்ட்ஸும் டேவிட் சௌமும் இதே ஏமாற்றுக்கு மாற்று எழுதியிருக்கிறார்கள். விடை சரியா என்று மட்டும் பார்க்காதே, எவ்வளவு நேரத்தில் வந்தது என்றும் பார். ஒளியும் ரேடியோ அலையும் ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும். நடுவில் யார் நின்று கடத்தினாலும் அந்த நேரத்தைக் குறைக்க முடியாது. அந்த மெர்சிடஸ் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அதன் ஓட்டைக்கு அடைப்பு தாளில் இருந்தது.

ஏன் பயன்படுத்தவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓரளவு விளங்குகிறது. போய்வரும் நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரத்தில் 150 மீட்டர் பிசகும். சாவியின் மலிவான ரேடியோவுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. காரணம் புரிகிறது. ஆனாலும் விலையுயர்ந்த கார்களில்கூட இத்தனை ஆண்டுகள் இது வராததை என்னால் ஏற்க முடியவில்லை. மிகக் குறுகிய துடிப்புகளால் நேரத்தை அளக்கும் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடியோ மலிவான பிறகே இது நடைமுறைக்கு வந்தது. கார், கைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட டிஜிட்டல் சாவித் தரத்தில் இது இடம்பெற்றது.

நேரத்தை அளக்காத பழைய முறைச் சாவி வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. சில சாவிகள் அசையாமல் கிடந்தால் தாமே உறங்கிவிடும். சிலவற்றில் சாவியை எடுக்காமலே திறக்கும் வசதியை அணைத்துவைக்கலாம். உலோகப் பெட்டியில் வைத்தால் வண்டியின் கூப்பிடல் உள்ளே போகாது, ஆனால் பெட்டி நன்றாக மூடுகிறதா என்று காரருகே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும். புதுக் கார் வாங்குபவர் மைலேஜ் கேட்கும்போதே இதையும் கேட்கலாம்: சாவி இருக்கும் தூரத்தை வண்டி எதை வைத்து முடிவு செய்கிறது, அலையின் வலுவை வைத்தா, நேரத்தை வைத்தா?