வந்தியத்தேவன் நித்திரை கொண்டால் காயம் மாறுமா?

போன சனிக்கிழமை முள்ளிவாய்க்காலில எங்கட விறாந்தையில இருந்த நாலு பேருக்கும் வந்தியத்தேவனாக வேணும். ஆழ்வார்க்கடியான் ஒருத்தருக்கும் வேண்டாம். அது முதல் சண்டை. எந்த விதிகளோடு விளையாடுவது என்பது இரண்டாவது.

மேசையைச் சுற்றி இருந்து பாத்திரமேற்று விளையாடுவதைக் கொப்பி இல்லாத கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாவியார் மாதிரி ஒருத்தர் கதையை நடத்துவார். "நான் மதில் பாயிறன்" எண்டு நீங்கள் சொன்னால், பாய்ந்தீர்களா விழுந்தீர்களா என்பதை இருபது முகக் கட்டை சொல்லும். எங்களிட்ட கட்டை இல்லை. 1 முதல் 20 வரை சீட்டெழுதி, பால்மா ரின்னுக்குள்ள போட்டுக் குலுக்கினம்.

முதலில் எடுத்தது 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்'. போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்தது அது. ஒளிக்கவும் பொய் சொல்லவும் அதில் இடமுண்டு. ஆனா தாளில பெரும்பகுதி அடிக்கிறதும் அடிவாங்கிறதும்தான். கடம்பூர் மாளிகையில் ஒளிந்திருந்து சதியைக் கேட்க வேண்டிய எங்கட வந்தியத்தேவன், பத்து நிமிசத்தில வாளை உருவிக்கொண்டு பழுவேட்டரையரிட்டப் பாய்ஞ்சிட்டான். நல்லா வாங்கினான்.

"பரவாயில்லை, எட்டு மணித்தியாலம் ஓய்வெடுத்தா போன உயிர்ப்புள்ளி எல்லாம் திரும்பி வந்திடும்" எண்டு விதியை வாசிச்சன்.

கதிரையில இருந்த மாமா சிரிச்சார். 2009இல பட்ட செல் பீஸ் இன்னும் அவற்ற தொடைக்குள்ள கிடக்கு. "அது எந்த ஊர் நித்திரையடா?" எண்டார். நாங்களும் சிரிச்சம். பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் சீட்டெடுக்கேல்லை.

அந்த விதி பிழையில்லை. நாளைக்கும் பூதத்தோடு சண்டை பிடிக்க வேண்டிய வீரனுக்கு அது தேவை. ஆனால் 'பொன்னியின் செல்வ'னில் காயம் அப்படி ஆறுவதில்லை. கரிகாலன் வீரபாண்டியனை வெட்டியது கதை தொடங்க முன்னமே. அந்த ஒரு வெட்டு ஐந்து பாகத்துக்கும் துரத்துது.

அதனால் 'பென்ட்ராகன்' பக்கம் போனம். கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் ஆர்தர் அரசனின் வீரர்களுக்காகச் செய்தது. காயம் ஆறக் கிழமைகள் ஆகும். குணங்கள் 13 சோடி. ஒவ்வொரு சோடியும் கூட்டினால் 20. எங்கட வந்தியத்தேவனுக்கு உண்மை 5, பொய் 15! கரிகாலனிடம் விசுவாசம் ஒரு எண், குந்தவையிடம் அன்பு இன்னொரு எண். இரண்டும் மோதுற நேரம் ரின்னுக்குள்ள கைவிடப் பயமா இருந்தது. எங்களுக்கு வேணும் எண்டிருந்தது அந்தப் பயம்தான்.

குறையும் உண்டு. அது குதிரைவீரர்களின் விளையாட்டு. "அப்ப பூங்குழலி?" எண்டு தங்கச்சி கேட்டாள். கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் படகு வலிச்சவளுக்கு அதில தாள் இல்லை. கடலுக்கான விதியைத் தங்கச்சியே எழுதினாள்: சோளகத்துக்கு எவ்வளவு, வாடைக்கு எவ்வளவு, கொண்டலுக்கு எவ்வளவு. அப்பாவோட கடற்கரையில நிண்டு வளர்ந்தவளுக்குப் புத்தகம் தேவைப்படேல்லை.

உங்களுக்குப் பிடிச்ச கதையை விளையாட நினைத்தால், விதிப்புத்தகம் எதையெல்லாம் எண்ணுது என்று முதலில் பாருங்கள். உங்கட கதையில் கனமானது எதுவோ அது அந்தத் தாளில இருக்க வேணும். இல்லாட்டி நீங்களே எழுதிச் சேருங்கோ.

இந்தச் சனி பூங்குழலி படகெடுக்கிறாள். மாமாவும் ஒரு தாள் கேட்டிருக்கிறார். ஆழ்வார்க்கடியானாம்.