வாட்டம் பார்த்து அறுப்பவர்

மணப்பாறையில் அக்கா வீட்டுக்குக் கோடை வந்துவிட்டது என்பது, அம்மாவின் கட்டில் திண்ணைக்கு வருவதில் தெரியும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலை அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். இந்த வருஷம் தளத்தின் மேல் தெர்மாகோல் பதித்து, அதன் மேல் கம்பிவலை விரித்து, சன்னக் கான்கிரீட்டும் தட்டோடும் போடுவதென்று முடிவானது. பலகை அறுத்துத் தரும் கொட்டகைக்கு மேஸ்திரி என்னைக் கூட்டிப்போனார்.

தகரக் கொட்டகை. ஓர் ஓரமாக ஆளுயரத்துக்கு வெள்ளைப் பாளங்கள். அறுப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். இருபது வருஷம் கல்யாண மேடைக்கு எழுத்து வெட்டியவர். மணமக்கள் பெயரில் ‘ழ’ வந்தால் அன்றைக்கு வேலை இழுக்கும் என்றார். இப்போது முக்கால்வாசி கட்டட வேலைதான்.

அறுக்கும் மேசையில் வாளும் இல்லை, பல்லும் இல்லை. இரண்டு தூண்களுக்கு இடையில் தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த ஒரு நிக்ரோம் கம்பி, ஒரு முனையில் ஸ்பிரிங். சூடேறினால் கம்பி நீண்டு தொய்யும். அந்தத் தொய்வை ஸ்பிரிங் இழுத்துக்கொள்கிறது. பக்கத்தில் கரண்டை ஏற்றி இறக்கும் திருகு. கம்பி சிவக்கக் கூடாது என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். சிவந்தால் பலகையைத் தொடுவதற்கு முன்பே தெர்மாகோல் உருகி விலகி, அறுத்த முகம் குழி குழியாகிவிடும். ஒரு துண்டை வைத்து இழுத்துப் பார்த்தார். திருகை ஒரு மயிரிழை குறைத்தார். மறுபடி ஒரு துண்டு. அறுத்த முகத்தை விரலால் தடவினார். இதே ஊரில் முறுக்குச் சுடுகிறவர்கள் ஒரு சொட்டு மாவைப் போட்டு எண்ணெயின் சூட்டைப் பார்ப்பார்கள். அதே கண்தான் இவருக்கும்.

எங்கள் மாடியில் தண்ணீர் குழாயை நோக்கி ஓட மீட்டருக்கு 10 மில்லி வாட்டம் வேண்டும். அதைக் கான்கிரீட்டில் கொடுத்தால் தளத்துக்குப் பாரம். பலகையிலேயே கொடுத்துவிடலாம் என்றார். ஒரு மீட்டர் நீளப் பலகை; கம்பியின் இடது முனையை 60 மில்லியில் நிறுத்தி, வலது முனையை 50-க்கு இறக்கினார். 110 மில்லி கனத்தில் சாய்வாக ஓர் அறுப்பு. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டுமே 60-லிருந்து 50-க்கு இறங்கும் பலகைகள். கழிவே இல்லை. ஆனால் அவர் எடுத்துவைத்திருந்தது 112 மில்லிப் பலகை.

“கம்பி ரெண்டு மில்லி தின்னுரும் சார்.”

பலகையைத் தள்ள ஆரம்பித்தார். ‘உஸ்’ என்று மெல்லிய சத்தம், அவ்வளவுதான். அவசரப்பட்டால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி, அறுப்பு வயிறு தள்ளிவிடும். நின்றுவிட்டால் நின்ற இடத்தில் உருகிப் பள்ளம் விழும். நடுவே அவர் கைபேசி அடித்தது. அவர் கண் அசையவில்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் தொடங்கியபோது மட்டும் கை ஒரு கணம் மெதுவானது. கரண்ட் இறங்குவதைக் கம்பி வழியாகவே உணர்ந்திருக்கிறார்.

தெர்மாகோல் பெரும்பாலும் காற்றுதான். பாலிஸ்டிரீன் மணிகளுக்குள் இருக்கும் பென்டேன், நீராவி பட்டதும் மணியைப் பல மடங்கு ஊதவைக்கிறது. கனமீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி என்றால், அதே அளவு கான்கிரீட் 2,400 கிலோ. சூட்டைக் கடத்துவதில் கான்கிரீட்டுக்கும் இதற்கும் ஏறத்தாழ நாற்பது மடங்கு வித்தியாசம். கட்டட வெப்பக் காப்புக்கென்றே ஐஎஸ் 4671 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. வாங்குகிறவர்கள் அடர்த்தியைக் கேட்டு வாங்க வேண்டும்; மேடை அலங்காரத்துக்கு முன்பு வந்த லேசான பலகை தளத்தில் அமுங்கிவிடும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும். “இதையும் நிறுத்திட்டாங்களாமே” என்று இன்னும் அவரிடம் கேட்கிறார்களாம்.

என்னை உறுத்தியது புகை. கம்பி தொடும் இடத்தில் ஒரு தித்திப்பான நெடி எழுகிறது, ஸ்டைரீன் ஆவி. கால் மணி நேரத்தில் எனக்குக் கண் எரிந்தது, தலை கனத்தது. அவர் மூக்கில் கட்டியிருந்தது வெறும் துண்டு. அது தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கம்பிக்குப் பின்னால் காற்றை வெளியே இழுக்கும் ஒரு மின்விசிறி வைத்தால் போதும். ஆகும் செலவு ஒரு வாரக் கூலிகூட இருக்காது. வீட்டைக் குளிரவைக்கும் வேலையில் ஒரு மனுஷரின் நெஞ்சு புண்ணாவது சரியே இல்லை. சொன்னேன். “வைக்கணும் சார்” என்றார். அவர் மனைவி அறுத்த பலகைகளில் மார்க்கரால் எண் போட்டுக்கொண்டே, “நானும் ரெண்டு வருஷமா சொல்றேன்” என்றார்.

பலகை பதித்த அன்று அவரே மாடிக்கு வந்தார். கூப்பிடவில்லை, கூலியும் இல்லை. எண் வரிசையில் பலகைகள் கிடந்தன. குனிந்து ஒவ்வோர் ஒட்டாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனவர், 23-க்கும் 24-க்கும் நடுவில் நின்றார். ஒரு விரல் நுழையும் சந்து. அதில் கான்கிரீட் இறங்கினால் சூடும் அந்த வழியே இறங்கும். கீழே கலவை தயாராகிவிட்டது, சித்தாள்கள் சட்டியோடு படியில் நின்றார்கள்.

“மேஸ்திரி, ஒரு நிமிஷம் இருங்க.”

மடியிலிருந்து ஒரு வெட்டுத் துண்டை எடுத்து, பிளேடால் சீவி, சந்தில் வைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சீவி, விரலால் அமுக்கினார். எழுந்து ஓரமாக நகர்ந்து, “கொட்டுங்க” என்றார்.